எடுத்துருங்க

ராஜபாளையத்தில் பங்குச் சந்தையைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. அதற்கு ஆதாரம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிவி கடையில் மேனேஜராக இருந்தேன். ஆங்கிலம் வாசிப்பேன். வாசித்ததை அடுத்தவருக்குச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். இந்த மூன்றும் இருந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

எண்பதுகளில் எங்கள் பக்கம் பங்கு என்றால் அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வது. ஷேர் என்று சொன்னால்தான் கம்பெனி சமாசாரம். புதுக் கம்பெனிகள் ஷேர் வெளியிடும்போது விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாக பேங்கு வாசலில் வந்து இறங்கும். காசு இல்லாமல் கிடைப்பதால் ஆளுக்குப் பத்துப் பதினைந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதில் முக்கால்வாசி பொரிகடலை மடிக்கத்தான் பயன்பட்டது. மீதியைப் பூர்த்தி செய்து அனுப்பியவர்களைவிடப் பொரிகடலை தின்றவர்கள் சுகமாக இருந்தார்கள் என்பது என் கருத்து.

சந்தைச் செய்திக்கு அன்று எங்களுக்கு இருந்த ஒரே வழி, இளஞ்சிவப்புத் தாளில் வரும் ஆங்கில வர்த்தகப் பத்திரிகை. மதுரையில் பஸ் ஏறி, ஒவ்வொரு ஊராக இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு எங்களிடம் வந்து சேரும். என் தெருவில் ஓய்வுபெற்ற மில் கணக்கர் ஒருவர் அதற்குச் சந்தா கட்டியிருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையைப் பற்றி மட்டும் ஆங்கிலம். நேற்றைய விலையை இன்று மத்தியானம் படித்து, சிவப்புப் பென்சிலாலும் நீலப் பென்சிலாலும் கோடு போட்டு, கத்தரித்து, மில்லிலிருந்து கொண்டுவந்த பழைய பேரேடுகளில் ஒட்டி வைப்பார். ஒரு பீரோ நிறைய அப்படிச் சேர்ந்திருந்தது. ஆறு வருஷம் அவர் வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரு ஷேர்கூட வாங்கியதில்லை. ஏன் சார் என்று கேட்டதற்கு, "இன்னும் ஸ்டடி முடியல" என்றார்.

அப்புறம் தமிழில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதில் எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: நீண்ட கால நோக்கில் வாங்கலாம். சிமெண்டுக்கும் அதுதான், இறால் பண்ணைக்கும் அதுதான், தேக்குத் தோட்டத்துக்கும் அதுதான். நீண்ட காலம் என்றால் எத்தனை வருஷம் என்று கேட்டு நான் ஒரு இன்லாண்டு லெட்டர் போட்டேன். பதில் வரவில்லை. அதையும் நீண்ட கால நோக்கில்தான் வைத்திருக்கிறார்கள் போல.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கடைக்கு டெலிடெக்ஸ்ட் வசதியுள்ள டிவி ஒன்று வந்தது. ரிமோட்டில் பக்க எண்ணை அமுக்கினால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஷேர் விலைகள் வரும். வரும் என்றால் உடனே வராது. எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டிய பக்கம் வந்து நிற்கும்போது அதில் நாலாவது தாள் போய்க்கொண்டிருக்கும். நம் கம்பெனி இரண்டாவது தாளில் இருக்கும். மறுபடி இரண்டாவது தாள் சுற்றி வரும் நேரத்தில் கரண்ட் போய்விடும். இருந்தாலும் கூட்டம் வந்தது. டாக்டர்கள் வந்தார்கள், பஞ்சு வியாபாரிகள் வந்தார்கள், ஒரு ஷேரும் இல்லாதவர்கள் அவர்களைவிட அதிகமாக வந்தார்கள். ஃபேனுக்கு அடியில் நின்று விலை பார்த்துவிட்டு, "சரி, வாரேன்" என்று போய்விடுவார்கள். ஒருவர்கூட ஒரு டிவி வாங்கவில்லை. முதலாளி அதற்கு என்னைத் திட்டினார். நான் வந்தவர்களை மனசுக்குள் திட்டினேன்.

இப்படி எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம்தான் என் அக்கா தன் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதும் இல்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் வீட்டை மட்டும் கொடுப்பதில்லை, கூடவே சட்டதிட்டமும் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். ஸ்கூல் ஆண்டுவிழா அன்று அவள் சக டீச்சர் வீட்டில் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு வீட்டில் நான் பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, கூடப் பிறந்த தம்பியா, சித்தப்பா பெரியப்பா மகனா என்று விசாரித்தார். பத்து வருஷத்தில் ஐந்து வீடு மாறினாள்.

ஐந்தாவது வீடு மடவார் வளாகத்தில், வைத்தியநாதசுவாமி கோவிலுக்குப் பின்னால். இரண்டு அறை, பின்பக்கம் கிணறு, ஒரு முருங்கை. வீட்டுக்காரர் திருப்பூரில் மகனோடு போய் இருந்துவிட்டார். தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் வந்து, வீட்டை விற்கப்போவதாகவும், முதல் உரிமை டீச்சருக்குத்தான் என்றும் சொன்னார். மார்கழியில் பத்திரம் பதிய மாட்டார்கள், அதனால் கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும். அவர் கேட்ட விலை நியாயமான விலை. அக்காவிடம் பேங்கில் கொஞ்சம் இருந்தது. பாதிக்குக் கடன் கிடைக்கும். மீதி முழுவதும் ஷேரில் இருந்தது.

அந்த ஷேர் என் கைவேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சம்பள பாக்கி மொத்தமாக வந்தபோது, நான்தான் மதுரைக்குப் போய் ஒரு புரோக்கர் ஆபீஸில் படிவம் எழுதிக் கொடுத்து, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் முந்நூறு ஷேர் அவள் பெயரில் வாங்கினேன். அது நாலு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"போட்டது போதும் தம்பி, எடுத்துரு" என்றாள். "எனக்கு லாபமெல்லாம் வேண்டாம். கேட்டுச் சாவி என் கையில இருக்கணும். அம்புட்டுதான்."

எடுக்கலாம், ஆனால் எப்போது எடுப்பது என்று தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். அவசரப்பட்டு விற்றுவிட்டு மறுநாள் விலை ஏறினால் என்ன செய்வது. அதை முறையாக ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் சரி என்றாள்.

அந்த வருஷம்தான் தென்காசி ரோட்டில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பிளைவுட் அடைத்து, திரை போட்டு, ஆறு கம்ப்யூட்டர். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏற வேண்டும். போன் லைன் வழியாக இணைப்பு கிடைப்பதற்கு அந்த மோடம் போடும் சத்தத்தைக் கேட்டால் ஏதோ பெரிய காரியம் நடக்கப்போகிறது என்று தோன்றும். அரைமணி நேரத்துக்கு அவர்கள் வாங்கிய காசில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அதில் பாதி நேரம் பக்கம் திறக்கும் வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கே போய்விடும்.

சந்தைக்கென்று ஐந்து வெப்சைட்டுகளைக் கண்டுபிடித்தேன். எது நம்பத் தகுந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே அக்காவின் ஷேரைத் தொடுவது என்று தீர்மானித்து, ஒரு நோட்டு வாங்கி ஐந்து கட்டம் போட்டேன். தினமும் கடைக்குப் போகும் முன் மாடி ஏறுவேன். மில் கணக்கரின் பேரேட்டைப் பார்த்துச் சிரித்த அதே நான்தான்.

முதல் சைட் உள்ளே விடுவதற்கு முன் என் பிறந்த தேதி, படிப்பு, வருமானம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் கேட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. இரண்டாவதில் நாலு பக்கமும் விளம்பரம் மினுக்கிக்கொண்டு இருக்கும். விலை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நம் காசு தீர்ந்துவிடும். மூன்றாவதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பம்பாயில் இருந்து யாரோ ஒருவர் புலி என்று பெயர் வைத்துக்கொண்டு, எங்கள் கம்பெனி தை மாதத்துக்குள் இரட்டிப்பாகும் என்று சத்தியம் செய்திருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் சிங்கம் என்ற பெயரில் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தார். நாலாவது சைட் அமெரிக்காக்காரர்கள் எழுதுவது போல வழவழப்பாக எழுதும். படித்து முடித்தால் நாம் என்ன படித்தோம் என்று நமக்கே தெரியாது.

ஐந்தாவது சைட்டில் படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. விலை பதினைந்து நிமிஷம் தாமதம் என்று மேலேயே எழுதி வைத்திருந்தார்கள். கம்பெனிகள் பங்குச் சந்தைக்கு அனுப்பும் கடிதங்களை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே போடுவார்கள். பார்க்க ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கும். எனக்கு முதலில் அதைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, நோட்டில் அதைச் சுற்றித்தான் வட்டம் போட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தத் தேர்வில் தப்பே இல்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, அந்த ஐந்தாவது சைட்டில் எங்கள் கம்பெனியின் கடிதம் ஒன்று வந்தது. இரண்டே வரி. கம்பெனியின் ஆடிட்டர் சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறார், புது ஆடிட்டர் பின்னர் நியமிக்கப்படுவார். மற்ற நாலு சைட்டிலும் இந்தச் செய்தியே இல்லை. புலி இன்னும் இரட்டிப்பாகும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்க்கிறவர் நடுவில் எழுந்து போகிறார் என்றால் கணக்கில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது உடனே புரிந்தது. புரிந்ததில் வந்த பெருமிதத்தில் திரைக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

மதுரைக்குப் போக நேரமில்லை. தீபாவளி வியாபாரம், முதலாளி அரைநாள்கூட விட மாட்டார். போனில் சொல்லிவிடலாம் என்று இறங்கினேன். மாடிக்குக் கீழேயே எஸ்டிடி பூத். அதை நடத்திய பாய் அதற்கு முன் இருபது வருஷம் ஜவுளிக் கடையில் விற்பனையில் இருந்தவர். அதிகம் பேசாத மனிதர். ஆனால் பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது என்பதால் ஊரில் நடக்கிற எல்லாம் அவருக்குத் தெரியும்.

புரோக்கரே போனை எடுத்தார். அக்கா பெயரையும் கம்பெனி பெயரையும் சொன்னேன்.

"அதுல அம்புட்டையும் எடுத்துருங்க" என்றேன்.

"அம்புட்டுமா? எத்தன?"

"முந்நூறும்தான்."

"ரேட்டு?"

"மார்க்கெட் ரேட்டுக்கே எடுத்துருங்க. யோசிக்க வேண்டாம்."

"சரிங்க. பணம்?"

"பணத்துக்கு அடுத்த வாரம் நானே நேர்ல வாரேன்."

"ரொம்ப சந்தோசம்" என்றார் அவர். நானும் சந்தோஷமாகப் போனை வைத்தேன்.

பில் போட்டுக்கொண்டே பாய் கேட்டார். "என்ன தம்பி, இன்னும் வாங்குதீகளோ?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய விஷயத்தை மூன்று வாரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்து விற்றுவிட்டு வருகிறேன், இந்த மனிதர் விற்கிறதுக்கும் வாங்குகிறதுக்கும் வித்தியாசம் தெரியாமல் கேட்கிறாரே என்று நினைத்தேன்.

"பாய், இது ஜவுளி இல்ல. ஒங்களுக்குப் புரியாது. பில்லக் குடுங்க."

அவர் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த நாளே விலை விழ ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று சந்தையில் ஒரு எல்லை உண்டு. காலையில் சந்தை திறந்ததும் அந்த எல்லைக்குப் போய் விலை நின்றுவிடும். விற்க ஆயிரம் பேர் நிற்பார்கள், வாங்க ஒரு ஆள் இருக்காது. மறுநாளும் அப்படியே. நான் தினமும் மாடி ஏறி அந்தச் சரிவை, சொன்னால் வெட்கம், ரசித்துப் பார்த்தேன். கடைக்கு வந்து டெலிடெக்ஸ்டில் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். ஒரு பல் டாக்டர் அந்த ஷேரை வைத்திருந்தார். அவரிடம் ஆடிட்டர் கதையை விலாவாரியாகச் சொல்லி, "நாங்க முந்தியே எடுத்துட்டோம் சார்" என்றேன். அவர் முகம் கறுத்துப் போனதும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மில் கணக்கர் வீட்டுக்கும் போனேன். அவருடைய இளஞ்சிவப்புப் பத்திரிகையில் ஆடிட்டர் செய்தி நாலு நாள் கழித்து ஒரு மூலையில் வந்திருந்ததை விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். அக்காவுக்குப் போன் செய்து, பணம் ரெடி, வீட்டுக்காரரை வரச்சொல் என்றேன். ஸ்கூல் ஆபீஸ் போனில் பேசினாள். பக்கத்தில் யாரோ இருந்திருப்பார்கள்; "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். குரலிலேயே சிரிப்புத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து, பணம் வைக்க ஒரு ரெக்ஸின் பையோடு மதுரைக்குப் போனேன். செக்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் பை கொண்டுபோனேன்.

புரோக்கர் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வரவழைத்தார். காப்பி முடிந்ததும், "கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"பணந்தான். நாளைக்குச் செட்டில்மென்ட். ஒங்க அக்கா பேர்ல முந்நூறு நம்மகிட்ட கெடக்கு, அந்த தைரியத்துலதான் இன்னும் முந்நூறு எடுத்தேன்."

நான் விற்கத்தானே சொன்னேன் என்றேன். அவர் மேசை அறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அன்றைய தேதியில் அவர் கையெழுத்தில் இருந்தது: முந்நூறு, எடுக்க, மார்க்கெட் ரேட், பணம் நேரில். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளேதான். ஒன்றுகூட அவராகச் சேர்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் பணத்தைப் போஸ்டாபீசில் போடுவோம், பேங்கில் போடுவோம், வேண்டும்போது எடுப்போம். ஷேரிலும் போட்டோம், எடுக்கச் சொன்னேன். அவர்கள் பேச்சில் எடுப்பது என்றால் வாங்குவது, கொடுப்பது என்றால் விற்பது. சந்தையைக் கண்ணால் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். நான் வாசித்த பத்திரிகையிலும் வெப்சைட்டிலும் வாங்கு, வில் என்றுதான் இருந்தது. சந்தைக்காரர்கள் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்கு அவர்களை மதித்ததும் இல்லை.

நான் விளக்கியதைக் கேட்டு ஆபீஸில் இருந்த இரண்டு கிளார்க்குகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று தெரிந்தது. புரோக்கர் சிரிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

"தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போறேன்னு சொல்லுதீக. கடைக்கு வாங்கத்தான போறீக, விக்கவா போறீக?" என்றார்.

ஜவுளி என்றதும் பூத்தில் பாய் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. ஒரே ஒரு நிமிஷம் நின்று, இல்லை பாய், விற்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உடனே மறுபடி போன் போட்டிருப்பேன். அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் பதில் சொல்ல என் அகம்பாவம் இடம் கொடுக்கவில்லை.

புரோக்கர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. பழைய முந்நூறை இப்போது வாங்க ஆளில்லை. புது முந்நூறுக்குப் பணம் கட்டியாக வேண்டும். என்னிடம் மாசச் சம்பளத்தைத் தவிர எதுவும் கிடையாது. அக்காவின் பேங்குப் பணம் கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருந்தது, வீட்டுக்கு அட்வான்ஸாக வைத்திருந்த பணம்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஸ்கூல் விட்டு வந்து அவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ரெக்ஸின் பையைத்தான் பார்த்தாள்.

"என்னப்பா, குடுத்துட்டாங்களா?"

பஸ்ஸில் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நெட்டுல தப்பாப் போட்டுட்டான்க்கா. இன்னும் ஏறும், வாங்குன்னு போட்டிருந்தான். அத நம்பி இன்னும் முந்நூறு வாங்கிட்டேன்."

ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் பாஸ்புக்கை எடுத்துவந்தாள். "நீ எம்புட்டுப் பாடுபட்டுப் பாத்த, மூணு வாரமா மாடி ஏறி எறங்குன. அந்த மிஷினு பொய் சொன்னா நீ என்ன செய்வ" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாஸ்புக்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அறுநூறு ஷேரும் கடைசியில் விற்றன, ஆடிட்டர் விலகிய விவரம் பம்பாய்ப் புலிக்கும் தெரிந்த பிறகு. வந்த பணத்தை எழுதிச் சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டுக்காரர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். அவர்கள் மார்கழிக்கு முன் குடிவர வேண்டும் என்றார்கள். கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அக்கா காலி செய்ய வேண்டும்.

ஆறாவது வீடு ஊருக்கு வெளியே, ஒரு வீட்டின் மாடியில். கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டுவார்களாம். எட்டு மணிக்குப் பூட்டிய அந்தப் பழைய வீட்டுக்கு இது ஒரு மணி நேரம் லாபம் என்று அக்கா சொன்னாள். சாமான் ஏற்றுவதற்கு நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டன. புத்தகக் கட்டுகளை நான் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு வெள்ளைத்தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் வந்தாள்.

"அந்த நெட்டுப் பேரச் சொல்லு. எங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சரு இப்ப ஷேர் வாங்கப்போறேன்னு நிக்கா. நீ எத நம்பி ஏமாந்தன்னு தெரிஞ்சா அவளாவது அதப் பாக்காம இருப்பால்ல."

ஐந்து பெயர்கள் எனக்கு மனப்பாடம். புலியும் சிங்கமும் எழுதிய சைட்டைச் சொல்லியிருக்கலாம், ஏறும் என்று போட்டது அதுதான் என்பதால் அது பொய்யும் ஆகியிருக்காது. நான் ஐந்தாவதன் பெயரைச் சொன்னேன். நான் நம்பியது அது ஒன்றைத்தானே.

அவள் டீச்சர். காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டாள். ஸ்பெல்லிங் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தாளைப் புத்தகக் கட்டின் மேல் வைத்து, போர்டில் எழுதுகிற அதே குண்டுகுண்டான எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்து என்னிடம் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.